இரண்டு பீரோ, மூன்று லாஃப்ட், அப்படியும் நாற்காலி நிறையத் துணி

வாசகர் கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் 850 சதுர அடி சொந்த ஃப்ளாட்டில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், ஏழாம் வகுப்புப் பையன், ஒன்றாம் வகுப்புப் பெண். படுக்கையறை இரண்டு. எங்கள் அறை 10 அடிக்கு 11 அடி. அறைக்கு ஒரு ஸ்டீல் பீரோ, சுவரோடு கட்டிய கடப்பா கல் அலமாரி ஒன்று (4 அடி அகலம், 7 அடி உயரம், 18 அங்குல ஆழம், நான்கு தட்டு). லாஃப்ட் மூன்று இருக்கிறது. எல்லாம் நிரம்பி வழிகிறது. தினமும் நாற்காலிமேல் துணி மலையாகக் குவிகிறது. பிள்ளைகள் அறை அலமாரிக்குப் பின்னால் பாத்ரூம்; மழைக்காலத்தில் துணியில் பூஞ்சை வாடை வருகிறது. எங்கள் அறையில் 10 அடி சுவர் முழுக்க வார்ட்ரோப் போட ஆசாரி ஒருவர் சதுர அடிக் கணக்கில் விலை சொல்லியிருக்கிறார். போட்டால் பிரச்சினை தீருமா? அத்தையின் பித்தளைப் பாத்திரங்களை என்ன செய்வது? சமையலறை இடத்தை மிச்சப்படுத்த மாற்று சிலிண்டரை அலமாரிக்குள் வைத்து மூடலாமா?

பதில்:

ஆசாரிக்கு அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். வார்ட்ரோப்பின் ஆழம் 2 அடி. உங்கள் அறையின் 11 அடியில் 2 அடி போனால் மீதி 9. கட்டிலின் நீளம் ஆறரை அடி. அதைக் கழித்தால் கால்மாட்டில் நிற்பது இரண்டரை அடி. ஒன்றரை அடி அகலக் கதவைத் திறந்தால் மிச்சம் ஓரடிதான். அந்த ஓரடியில் நின்று நீங்கள் உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். ஸ்லைடிங் கதவு போட்டால் இந்தச் சங்கடம் குறையும். ஆனால் அதன் தண்டவாளம் உள் ஆழத்தில் 3, 4 அங்குலத்தைத் தின்றுவிடும். ஒரு சமயத்தில் பாதி அலமாரிதான் திறக்கும்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். ஆறரை அடி உயரம், 3 அடி அகலம், 19 அங்குல ஆழமுள்ள பீரோவின் கொள்ளளவு சுமார் 31 கன அடி. 10 அடி நீளம், 2 அடி ஆழம், இரண்டரை அடி உயரமுள்ள லாஃப்ட் ஒன்று 50 கன அடி. உங்களுடையவையும் அந்த அளவில் இருந்தால் மூன்று லாஃப்டும் சேர்ந்து கிட்டத்தட்ட ஐந்து பீரோவுக்குச் சமம். அத்தனை இடம் தலைக்கு மேலே இருந்தும் துணி நாற்காலியில் கிடக்கிறது. தட்டின் இடைவெளி துணியின் அளவோடு பொருந்தாததும், தினம் தேவைப்படும் பொருளுக்குக் கை எட்டும் இடம் இல்லாததும்தான் காரணம். வைக்கப்போகும் பொருளை அளக்காமல் புது மரவேலை செய்தால் இதே குழப்பம் இன்னொரு சுவருக்கும் பரவும்.

முதலில் நாற்காலி. அதில் கிடக்கும் துணிகளை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். துவைத்தும் மடிக்காதவை கொஞ்சம் இருக்கும். பெரும்பகுதி ஒருமுறை உடுத்தியவையாக இருக்கும்: கடைக்குப் போட்டுப் போன சுடிதார், ஆபீஸ் பேன்ட், நைட்டி, பிள்ளையின் டியூஷன் சட்டை. துவைக்கப் போடும் அளவுக்கு அழுக்காகவில்லை. பீரோவில் வைக்கவும் மனம் வராது, வைக்கவும் கூடாது. வியர்வை ஈரம் உள்ள துணி ஒன்று உள்ளே போனால் அடுக்கு முழுவதும் வாடை பிடிக்கும். இந்த வகைத் துணிக்கு வீட்டில் இடமே ஒதுக்கப்படவில்லை. அதனால்தான் நாற்காலி.

இரண்டு படுக்கையறைக் கதவுகளுக்குப் பின்னாலும் கொக்கிப் பட்டை அடியுங்கள். பெரியவர்களுக்குத் தரையிலிருந்து ஐந்தரை அடியில் நான்கு கொக்கி, சின்னவளுக்கு மூன்றரை அடியில் இரண்டு. கதவு உள்ளே பொள்ளலான ஃப்ளஷ் டோர் என்றால் நடுப்பலகையில் ஸ்க்ரூ நிற்காது. கதவின் ஓரச் சட்டத்தில் பிடிக்கும்படி முழு அகலத்துக்கு ஒரு ரீப்பரை (மெல்லிய மரச் சட்டத்தை) வைத்து, கொக்கிகளை அதில் பொருத்தச் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு கொக்கிதான். மூன்றாவது துணி வந்தால் முதலாவது துவைக்கப் போக வேண்டும். இந்த வரம்பு இல்லாவிட்டால் நாற்காலி மலை கதவுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

அடுத்தது கடப்பா அலமாரி. 7 அடியில் நான்கு தட்டு என்றால் இடைவெளி 20 அங்குலம் வரும். மடித்த சட்டையோ சுடிதாரோ 9, 10 அங்குல உயரத்துக்கு மேல் அடுக்கினால் சரியும். அடியில் இருப்பதை உருவினால் மொத்தமும் கலையும். ஆக ஒவ்வொரு தட்டிலும் மேல்பாதி வெறும் காற்று. பலர் இங்கேதான் கல்லை உடைத்து எடுத்துவிட்டு பிளைவுட் போடச் சொல்கிறார்கள். உடைக்காதீர்கள். கல் சுவருக்குள் பொதிந்து நிற்கிறது. இப்படிப்பட்ட அலமாரியின் பின்சுவர் பெரும்பாலும் நாலரை அங்குல ஒற்றைச் செங்கல் சுவர். சுத்தியல் அதிர்வில் அடுத்த பக்கத்துப் பூச்சோ டைல்ஸோ விட்டுப்போகும். பாத்ரூம் பக்கம் இருக்கும் அலமாரியில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கல்லின் மேலே மணை மாதிரி ஒரு மேடை போதும். 12 மி.மீ. பிளைவுட்டில் 22 அங்குல அகலம், 14 அங்குல ஆழம், ஒன்பதரை அங்குல உயரம். ஒரு தட்டுக்கு இரண்டு மேடை. நான்கடிக்கு ஒரே பலகையாகச் செய்தால் ஆறு மாதத்தில் நடுவில் தொய்யும். கதவுச் சட்டத்தைத் தாண்டி உள்ளே நுழைப்பதும் பெரும்பாடு. மூன்று தட்டுகளில் இப்படிப் போட்டால் 16 அடியாக இருந்த தட்டு நீளம் சுமார் 27 அடியாகிறது. ஒரு தட்டை மட்டும் அப்படியே விடுங்கள். போர்வை, பெட்ஷீட், பிள்ளையின் ஸ்கூல் பை எல்லாம் அங்கே.

ஆழத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 18 அங்குலத்தில் துணியை இரண்டு வரிசையாக வைத்தால் பின்வரிசையை வீடே மறந்துவிடும். 16 அங்குல நீளப் பிளாஸ்டிக் கூடைகளில், துணியைப் படுக்க வைக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி அடுக்குங்கள். கூடையை இழுத்தால் எல்லா மடிப்பும் மேலிருந்தே தெரியும். உள்ளாடை, கைக்குட்டை, சாக்ஸ், பிள்ளைகள் துணி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பட்டுக்கு மட்டும் வேண்டாம்.

இந்த அலமாரியில் ஹேங்கர் மாட்டலாமா என்று கேட்பீர்கள். பெரியவர்களுடைய ஹேங்கர் 17 அங்குல அகலம். 18 அங்குல ஆழத்தில் கதவின் தாழ்ப்பாளும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் துணியின் தோள் கதவில் உரசும். அதற்கு 21, 22 அங்குலமாவது உள் ஆழம் வேண்டும். பிள்ளைகளின் 12, 14 அங்குல ஹேங்கர் தாராளமாக நிற்கும். யூனிஃபார்ம் வரிசைக்கு மேடை போடாத தட்டின் மேல்கல்லுக்குக் கீழே ஒரு சின்னக் கம்பி போடலாம். ஒன்றாம் வகுப்புப் பெண்ணின் சட்டைக்கு 20 அங்குல உயரம் போதும்.

பூஞ்சை வாடைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அவசரமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்தா என்று தெரியாமல் எதையும் பூசாதீர்கள். அந்த அலமாரியைக் காலி செய்து, பின்சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டுங்கள். பாத்ரூமை வழக்கம்போலப் பயன்படுத்துங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், ஈரம் கோத்திருந்தால் கசிவு சுவருக்குள்ளேயே இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் பிசுபிசுத்தால் அது காற்றின் ஈரம்.

முதலாவது என்றால் வேலை பாத்ரூம் பக்கம்தான். டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரவுட் பூச்சு உதிர்ந்திருந்தால், அதைச் சுரண்டி எடுத்துத் தண்ணீர் ஊறாத எபாக்சி கிரவுட் போட வேண்டும். ஷவர், குழாய் வெளியே வரும் துளைகளைச் சுற்றிச் சீலண்ட். அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் உள்ளே ஓடும் பைப்பைப் பிளம்பர் சோதிக்க வேண்டும். அலமாரிப் பக்கத்தில் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் மட்டும் அடித்தால் சில மாதங்களில் கொப்பளித்து உரியும், ஏனென்றால் தண்ணீர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். சுவர் முழுதாகக் காயும் வரை அங்கே பிளைவுட் மேடையும் வைக்காதீர்கள். ஈரமும் மரமும் சேர்ந்த இடத்தைக் கரையான் தேடி வரும்.

இரண்டாவது என்றால் செலவு குறைவு. கதவின் மேலும் கீழும் காற்று போக ஜாலித் துளைகள் போடுங்கள். துணிக்கும் பின்சுவருக்கும் ஓரங்குலம் இடைவெளி விடுங்கள். வெயில் அடிக்கும் நாளில் நண்பகலில் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது திறந்தால் ஈரக்காற்றுதான் உள்ளே போகும். அந்த மாதங்களில் துணி காய்ந்த மாதிரி தெரிந்தாலும் தையல் ஓரமும் பேன்ட் இடுப்புப் பட்டையும் ஈரமாகவே இருக்கும். தொட்டுப் பார்த்துவிட்டு மடியுங்கள். அயர்ன் செய்த சூட்டோடும் உள்ளே வைக்க வேண்டாம்.

இப்போது பீரோக்கள். இரண்டில் ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். கரையான் அரிக்காது, பூட்டு உண்டு. பட்டுக்கும் பத்திரங்களுக்கும் அதுதான் சரி. தரை துடைக்கும் தண்ணீர் பட்டு அடித்தகடு துருப்பிடிக்காமல் கால்களுக்கு அடியில் 2 அங்குலக் கட்டை கொடுங்கள். பழைய பீரோவாக, கதவு தொங்கிப்போனதாக இருக்கும் மற்றொன்றைக் கொடுத்துவிட்டு, அது நின்ற 3 அடி அகலத்திலேயே தொங்கவிடும் அலமாரி ஒன்று செய்துகொள்ளலாம். 7 அடி உயரம், 2 அடி ஆழம். ஆசாரிக்கு வேலை வேண்டுமென்றால் இதைக் கொடுங்கள்.

உள்ளளவு இப்படி. சட்டைக்கும் குர்த்தாவுக்கும் மேலே 40 அங்குலம். புடவைக்குக் கீழே 32. ஐந்தரை மீட்டர் புடவையை நீளவாக்கில் இரண்டு முறை பாதியாக மடித்து ஹேங்கரில் போட்டால் தொங்கும் நீளம் சுமார் 27 அங்குலம்தான். கொக்கிக்கும் கைக்கும் 5 அங்குலம் கூடுதல். அடியில் 6 அங்குல டிராயர். கம்பி ஒன்றுக்கு சுமார் 30 உருப்படி, ஆக இரண்டு கம்பியில் 60. ஒரே கம்பியை மேலே போட்டு அடியில் மூன்றடி வெற்றிடம் விட்டுச் செய்வதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. முழு நீளத்துக்குத் தொங்கவிட உங்கள் வீட்டில் எத்தனை உடை இருக்கிறது? இரண்டோ மூன்றோ இருந்தால் அவற்றை மடித்தே வைக்கலாம்.

மரவேலைக்குப் பேசும்போது இவற்றை எழுதி வாங்குங்கள். பிளைவுட் 18 மி.மீ., பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரையும் தாங்கும்) தரம், பலகையில் ஐ.எஸ். 303 முத்திரை. பாத்ரூமை ஒட்டிய இடமானால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட். பார்ட்டிகிள் போர்டு வேண்டாம், ஈரம் பட்டால் பிஸ்கட் மாதிரி ஊதும். தட்டு 3 அடிக்கு மேல் தாங்கலின்றி ஓடக் கூடாது. முதுகுப் பலகை 6 மி.மீ.; வெளியே மைக்கா ஒட்டினால் உள்ளேயும் ஒட்ட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை வளையும். வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றையும் மூட எட்ஜ் பேண்டிங் பட்டை. சதுர அடி விலை என்பது முன்பக்கப் பரப்பின் கணக்கு; அதில் உள் மைக்கா, டிராயர் சேனல், கீல், கைப்பிடி சேருமா என்று கேளுங்கள். சேராது என்பது கடைசி பில்லில் தெரிந்தால் சண்டைதான் மிச்சம்.

விருந்தாளிப் படுக்கை, கம்பளி, கூடுதல் தலையணை எல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. லாஃப்டில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றைக் கட்டிலுக்கு அடியில் கொண்டுவரலாம். 5 அடி அகலக் கட்டிலில் உள்ளுயரம் 12 அங்குலம் கொடுத்துப் பெட்டி அடித்தால் அது ஏறத்தாழ ஒரு முழு பீரோ. தரையோடு ஒட்டாமல் 3 அங்குலக் கால் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தினம் துடைக்கும் தண்ணீர் அடிப்பலகையில் ஊறும். 3, 12, பலகைக் கனம் எல்லாம் சேர்த்து 16 அங்குலம், மேலே 6 அங்குல மெத்தை: உட்காரும் உயரம் 22 ஆகிவிடும். உங்களுக்குப் பரவாயில்லை. அத்தையின் கட்டிலுக்கு இதைச் செய்யாதீர்கள். கால் தரையில் பதியாமல் இறங்கினால் இரவில் தடுமாறி விழ வாய்ப்பு உண்டு. 18 அங்குலம்தான் அவருக்கு வசதி.

காற்றை உறிஞ்சித் துணியை அமுக்கும் வேக்வம் பைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாலியஸ்டர் கம்ஃபர்ட்டர் மூன்றில் ஒரு பங்காகக்கூட அமுங்கும். இலவம் பஞ்சுத் தலையணையை அப்படி அமுக்கினால் பஞ்சு கட்டிக்கொள்ளும், பழைய மென்மை வராது. ஈரம் சிறிதளவு இருந்தாலும் பைக்குள் பூஞ்சைதான்.

பட்டுப்புடவையைப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி பீரோவில் வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விட்டு மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக இருந்தால் சரிகை அந்தக் கோட்டிலேயே இற்றுவிடும். பூச்சிக்கு வசம்புத் துண்டு, காய்ந்த வேப்பிலை இரண்டையும் துணிமுடிப்பாகக் கட்டி ஓரத்தில் போடலாம். நாஃப்தலின் உருண்டை சரிகையில் படவே கூடாது. கைக்குழந்தைத் துணி உள்ள இடத்தில் அதை வைக்கவும் கூடாது: ஜி6பிடி குறைபாடு (ஒரு நொதி குறைந்த பிறவிக் கோளாறு) உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அண்ணன் தம்பி வீட்டுக் கைக்குழந்தைக்குப் பழைய துணி எடுத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டல்லவா, அதற்காகச் சொல்கிறேன்.

லாஃப்டுக்கு ஒரு விதிதான்: வருஷத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்படும் எதுவும் அங்கே போகக் கூடாது. கொலு பொம்மை, பயணப் பெட்டி, பண்டிகைப் பாத்திரம், பத்திரப்படுத்த வேண்டிய பழைய பாடப்புத்தகம், அவ்வளவே. டிவி, மிக்சி வாங்கிய அட்டைப்பெட்டிகள் பாதி இடத்தை அடைத்திருக்கும். வாரண்டிக்குப் பெரும்பாலும் பில் போதும்; பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குக் கொடுங்கள். அட்டைதான் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் குடியேறும் வீடு. பதிலுக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள், நிரப்பிய எடை 8 கிலோவுக்குள். தலைக்கு மேலிருந்து இறக்க வேண்டிய பாரம் அது. பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘கொலு - மண் பொம்மை’, ‘கொலு - காகிதக்கூழ்’ என்று எழுதி, மூடுமுன் உள்ளே இருப்பதைப் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

அத்தையின் அண்டா, தவலை, குத்துவிளக்கு இப்போது லாஃப்டின் ஓரத்தில் இருந்தால் இந்த வாரமே இறக்குங்கள். சிமென்ட் லாஃப்ட் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடித்து நிற்கும் மெல்லிய பலகை. அதே எடை சுவரோரம் இருப்பதைவிட வெளி விளிம்பில் இருக்கும்போது அந்தப் பிடிமானத்தைப் பல மடங்கு அதிகமாக இழுக்கும். சுவரும் லாஃப்டும் சேரும் இடத்தில், மேற்பரப்பில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தால் பாரத்தை முழுக்க இறக்கிவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். கதவு போடுவதானாலும் கனமான பிளைவுட்டை விளிம்பில் தொங்கவிடாமல் அலுமினியச் சட்டத்தில் லேசாகப் போடுங்கள்.

இறக்கிய பித்தளையை என்ன செய்வது என்பதை அத்தைதான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் லிஸ்ட் போட்டுப் பழைய விலைக்குப் போட நினைத்தால் வீட்டில் இடம் கிடைக்கும், நிம்மதி போய்விடும். எல்லாவற்றையும் ஹாலில் பரப்பி, எது எந்த விசேஷத்துக்கு வந்தது என்று அவர் சொல்லக் கேளுங்கள். அவர் பெயர் பொறித்தவை இருக்கும். வைத்துக்கொள்ளும் அண்டாக்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, இடையில் பழைய துணி கொடுத்து, கட்டில் பெட்டியிலோ கடப்பா அலமாரியின் அடித்தட்டிலோ வையுங்கள். அடித்தட்டு தரையோடு இருப்பதால் எவ்வளவு பாரமும் தாங்கும். வாய் அகன்ற தவலைக்குள் கம்பளியோ ஜமக்காளமோ வைத்து மூடினால் அந்த வெற்றிடமும் வீணாகாது. ஒரு நல்ல உருளியை ஹாலில் வைத்தால் அத்தைக்குச் சந்தோஷம்.

வேலையை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்க நினைக்காதீர்கள். மொத்தத்தையும் வெளியே இழுத்துப் போட்டு, இரவு பத்து மணிக்குக் களைத்து, கையில் கிடைத்தபடி திரும்பத் திணிப்பதில்தான் முடியும். முதல் வாரம் கொக்கியும் பிளாஸ்டிக் தாள் சோதனையும். அடுத்து ஒரு நாளைக்கு ஒரு தட்டு. லாஃப்ட் மாதம் ஒன்று, அதுவும் வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருக்கும் நாளில், நான்கு படி அலுமினிய ஏணி போட்டு. ஸ்டூலைக் கட்டிலின்மேல் வைத்து ஏற வேண்டாம். மேடைகளும் கொக்கிகளும் வந்து ஒரு மாதம் புழங்கிய பிறகும் இடம் போதவில்லை என்றால் புது அலமாரிக்குச் சொல்லுங்கள். அதற்குள் அதன் அளவு உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கடைசியாகச் சிலிண்டர். வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழும்பிப் போகாமல் தரைமட்டத்தில் தேங்கும். மூடிய அலமாரிக்குள் அது வெளியேற வழியில்லை, வாசனையும் தாமதமாகத்தான் மூக்குக்கு எட்டும். பக்கத்திலேயே சுவிட்ச், ஃப்ரிட்ஜ் எல்லாம் இருக்கும்; அவற்றில் ஒரு பொறி எழுந்தால் போதும், தீப்பிடிக்கும். மாற்று சிலிண்டரை, காலியோ நிறைந்ததோ, பாதுகாப்பு மூடியை மாட்டி, நிமிர்த்தி, காற்றோட்டமுள்ள பால்கனியிலோ யூட்டிலிட்டியிலோ வெயில் படாத ஓரத்தில் வையுங்கள். அடுப்போடு இணைத்த சிலிண்டர் மேடைக்குக் கீழே கதவு போட்ட இடத்தில் இருந்தால், அந்தக் கதவின் அடிப்பகுதியில் தரையை ஒட்டிக் காற்று போகும் ஜாலி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் கொக்கி அடிக்க வரும் ஆளிடமே அதையும் வெட்டித் தரச் சொல்லுங்கள். சிலிண்டரை வெளியே எடுத்து வைத்துவிட்டு வெட்டட்டும்.